மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு உடற்பயிற்சி: வளவுக்குள்ளிருந்தே தொடங்கலாம்

ஆபரேஷன் முடிந்து எங்கள் செட்டிநாட்டு வீட்டுக்கு வந்த அன்று, முகப்பில் கால் வைத்ததுமே என் மூத்த ஆச்சி சொன்ன முதல் வார்த்தை: "அந்தக் கையை மட்டும் ஆட்டிராத, சொல்லிப்புட்டேன்." அன்பில் சொன்னதுதான். வீடு மொத்தமும் அதையே சொன்னது. சாப்பாடு கட்டிலுக்கே வந்தது, தலையைக் கூட மருமகள் வாரிவிட்டாள். இரண்டு மாதம் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். கடைசியில் கொண்டை போட முடியவில்லை, ரவிக்கையை மாட்ட முடியவில்லை. கரண்ட் வைக்கப் போனபோது (கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்கிறோம்) மேசையில் படுத்துக் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொன்னார்கள். தோளுக்கு மேல் கை போகவே இல்லை. கை மேலே வந்தால்தான் ஆரம்பிக்க முடியும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிசியோதெரபி பார்த்து, அழுது, பத்து நாள் தள்ளிப்போய்த்தான் அந்தச் சிகிச்சை தொடங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது ஒரு தாளில் நாலு பயிற்சியை எழுதிக் கையில் கொடுத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. அந்தத் தாளாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஏழு வருடமாக டாக்டர்களிடமும் பிசியோவிடமும் கேட்டதும், படித்ததும், என் உடம்பில் பார்த்ததும் இதில் இருக்கிறது. புதிதாக சிகிச்சை முடித்தவர்களும், அவர்களைக் கவனித்துக்கொள்கிற வீட்டாரும் சேர்ந்தே படியுங்கள்.

எதற்காக அசைய வேண்டும்

சிகிச்சைக்குப் பிறகு வருகிற அசதி சாதாரண அசதி இல்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் உடம்பு கல்லாகக் கிடக்கும். படுத்தே இருந்தால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் படுக்கப் படுக்கத் தசை கரையும். தசை கரைந்தால் மாடிப்படி ஏறுவதே பெரிய வேலையாகிவிடும், அதனால் இன்னும் அசதி. இந்தச் சுற்றை அறுப்பது அளவான நடமாட்டம்தான். 2017-இல் 113 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, புற்றுநோய் அசதிக்கு உடற்பயிற்சியும் மன ஆலோசனையும் கொடுத்த பலனை மாத்திரைகள் கொடுக்கவில்லை என்று தெரிந்தது.

அது மட்டுமில்லை. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற, ஹார்மோனைக் குறைக்கிற மாத்திரைகளை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு மூட்டு வலிக்கும், எலும்பும் தேயும். காலையில் எழுந்து முதல் பத்து அடி எடுத்து வைப்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. இப்படி வலியுள்ள 121 பெண்களை வைத்து அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்து 2015-இல் வெளியானது. ஒரு வருடம் வாரத்துக்கு 150 நிமிட நடையும் இரண்டு நாள் பளுப் பயிற்சியும் செய்தவர்களுக்கு மூட்டு வலி நன்றாகக் குறைந்தது. வலி தாங்காமல் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுகிற பெண்கள் எத்தனையோ பேர். அப்படி நிறுத்துவது ஆபத்து. வலியைக் குறைக்க மருந்தில்லாமல் ஒரு வழி இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

தூக்கம், மனக்கலக்கம், உடம்பு எடை, இதயம் எல்லாவற்றுக்கும் நடை உதவுகிறது. நோய் திரும்ப வராதா என்று கேட்பீர்கள். 2005-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் மார்பகப் புற்றுநோய் வந்த ஏறக்குறைய 3,000 அமெரிக்க நர்சுகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். வாரத்தில் மூன்று முதல் ஐந்து மணி நேரம் நடக்கிற அளவுக்கு உடலுழைப்பு இருந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. இது சோதனை செய்து நிரூபித்ததல்ல, கவனித்து மட்டும் சொன்னது. அதனால், நடந்தால் நோய் வரவே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாத்திரையும் செக்கப்பும் அதன் வழியில் நடக்கட்டும், நடை அதன் வழியில் நடக்கட்டும்.

கை கண்ணாடி இல்லை

அக்குளில் நெறிக்கட்டிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்தபிறகு அந்தக் கையில் நிணநீர் தேங்கி வீங்கலாம். இந்தப் பயம் நியாயமானது. முன்பெல்லாம் டாக்டர்களே அந்தக் கையால் பளு தூக்காதே, துணி துவைக்காதே என்றுதான் சொன்னார்கள். அதை முதலில் சோதித்துப் பார்த்தவர் கனடாவில் வான்கூவர் நகரத்து டாக்டர் டான் மெக்கன்சி. 1996-இல் மார்பகப் புற்றுநோய் வந்த 24 பெண்களைச் சேர்த்து டிராகன் படகு வலிக்க வைத்தார். துடுப்பு வலிப்பது முழுக்க முழுக்கக் கை, தோள், முதுகு வேலை. அந்தப் பருவம் முடிந்து பார்த்தபோது ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை.

அதன்பிறகு 2009-இல் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு, ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வாரம் இரண்டு முறை பளு தூக்கும் பயிற்சி கொடுத்தது. மிகக் குறைந்த எடையில் தொடங்கி, மெதுவாக ஏற்றி, கையில் அழுத்த ஸ்லீவ் (கையை இறுக்கிப் பிடிக்கிற உறை) போட்டுக்கொண்டு செய்தார்கள். வீக்கம் அதிகமாகவில்லை. வீக்கம் முற்றித் தொல்லை கொடுப்பது பயிற்சி செய்தவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான் வந்தது, செய்யாதவர்களில் 29 சதவீதம் பேருக்கு.

இதன் காரணம் எளிமையானது. ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஒரு பெரிய பம்பு கிடையாது. தசை சுருங்கி விரியும்போதும், நாம் ஆழமாக மூச்சு இழுத்து விடும்போதும்தான் அது நன்றாக நகர்கிறது. அசையாத கையில் அது தேங்கத்தான் செய்யும்.

ஆனால் ஒன்று. மெதுவாக ஏற்றுவது என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன். பயிற்சியெல்லாம் மறந்து ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு, உறவில் ஒரு கல்யாணத்துக்குச் சாமான் இறக்கும்போது ஒரு வெண்கல அண்டாவை நானும் ஒரு பக்கம் பிடித்தேன். ஒரே ஒரு முறை. மறுநாள் காலை இடது கை வளையல் சதையில் பதிந்திருந்தது. கழற்றப் பார்த்தால் கட்டைவிரல் முட்டியைத் தாண்டவில்லை. சோப்பு நுரை போட்டு மருமகள் அரை மணி நேரம் போராடித்தான் எடுத்தாள். அன்றிலிருந்து மூன்று மாதம் ஸ்லீவ், மசாஜ் என்று அலைந்தேன். பளு கெடுதலில்லை, பழக்காத கைக்குத் திடீரென்று கொடுத்த பளுதான் கெடுதல்.

முதல் படி: டாக்டரிடம் கேட்டுக்கொள்வது

எழுதி வைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள், அங்கே போனால் மறந்துவிடும். அக்குளில் எத்தனை நெறிக்கட்டி எடுத்தீர்கள்? எந்தத் தேதியிலிருந்து கையைத் தோளுக்கு மேலே தூக்கலாம்? எனக்குக் கொடுத்த மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியதா? சிவப்பு மருந்து என்று நாம் சொல்கிற டாக்சோரூபிசினும், ட்ராஸ்டுசுமாபும் இதயத்தைப் பலவீனப்படுத்தலாம், அதனால் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். எலும்புக்குப் பரவியிருக்கிறதா, எலும்பு எவ்வளவு பலமாக இருக்கிறது? ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் சரியாக இருக்கின்றனவா? வயிற்றுச் சதையை எடுத்து மார்பகம் கட்டியவர்களுக்குக் கட்டுப்பாடுகள் வேறு, அதை ஆபரேஷன் செய்தவர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், ஒரு பிசியோதெரபிஸ்ட்டை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். காரைக்குடி, தேவகோட்டை வரை போக முடியாத ஊர்க்காரர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருகிற வசதி இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

இரண்டாம் படி: டியூப் இருக்கிற நாட்கள்

காயத்து நீர் வடிய வைத்த டியூப் உடம்பில் இருக்கும்போதே, ஆபரேஷனுக்கு மறுநாளிலிருந்தே செய்யக்கூடியவை இவை. டாக்டர் வேண்டாம் என்றால் மட்டும் விடுங்கள்.

மல்லாந்து படுத்து, கையை இரண்டு தலையணை மேல் நெஞ்சுக்குக் கொஞ்சம் உயரமாக வையுங்கள். விரல்களை நன்றாக மூடித் திறங்கள், 15 முதல் 25 தடவை. அப்புறம் முழங்கையை மடக்கி நீட்டுங்கள். ஒரு நாளில் மூன்று நான்கு வேளை செய்யலாம். இடையில் வயிறு எழும்ப ஐந்தாறு ஆழ்ந்த மூச்சு. உட்கார்ந்திருக்கும்போது இரண்டு தோளையும் முன்னாலிருந்து பின்னாகச் சுழற்றுங்கள்.

சாப்பிட, முகம் கழுவ, தலை வார அந்தக் கையையே பயன்படுத்துங்கள். முழங்கை தோள் உயரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். வீட்டில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள்: வாரிவிடாதீர்கள், ஊட்டிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள்.

மூன்றாம் படி: சுவரில் ஏறும் விரல்கள்

டியூப் எடுத்து, தையல் ஆறி, டாக்டர் சரி என்றதும் தோளை விடுவிக்கிற வேலை. தினம் இரண்டு வேளை, ஒவ்வொன்றும் ஐந்து முதல் ஏழு தடவை.

குடையோ கைத்தடியோ ஒன்றை எடுத்துக்கொண்டு மல்லாந்து படுங்கள். இரண்டு கையாலும் பிடித்து வயிற்றின் மேல் வையுங்கள். நல்ல கை இழுக்க, ஆபரேஷன் ஆன கை கூடவே வர, மெதுவாகத் தலைக்கு மேல் கொண்டுபோங்கள். இழுவை தெரிகிற இடத்தில் ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். அடுத்து, படுத்தபடியே கைகளைப் பிடரிக்குப் பின்னால் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கைகள் விட்டத்தைப் பார்க்கும். அவற்றை மெல்ல விரித்துப் பாயைத் தொடப் பாருங்கள். முதல் வாரம் என் முழங்கைக்கும் பாய்க்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. கரண்ட் வைக்க வேண்டியவர்களுக்கு இந்த இரண்டும் கட்டாயம். மேசையில் கையை இப்படித்தான் வைக்கச் சொல்வார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் வளவுச் சுவர் (வளவு என்பது வீட்டுக்குள் முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கிற பகுதி) அந்தக் காலத்துப் பூச்சு. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துத் தேய்த்தது, விரல் வைத்தால் பளிங்கு போல வழுக்கும். அதன் முன்னால் ஒரு முழம் தள்ளி நின்று, இரண்டு கை விரல்களையும் சுவரில் வைத்து, எறும்பு ஊர்வது போல் மேலே ஏற்ற வேண்டும். வலது கை அலுங்காமல் ஏறிவிடும். இடது கை மூக்கு உயரத்தில் நின்றுவிட்டது. பிசியோ ஒரு பென்சிலை எடுத்து அந்த இடத்தில் கோடு போட்டுத் தேதி எழுதினார். சுவரைக் கெடுக்கிறாரே என்று என் மாமியாருக்குத் தாங்கவில்லை. ஆனால் நாலு நாள் கழித்து அடுத்த கோட்டை அவர்தான் போட்டார். நெற்றி உயரம் வர மூன்று வாரம் ஆனது. வலது கைக் கோட்டை இடது கை எட்டிய அன்று நாள்காட்டியில் பார்த்தேன், ஏழாவது வாரம். உங்கள் சுவர் சொரசொரப்பாக இருந்தால் ஒரு மெல்லிய துணியை விரலுக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு முன்னால் சாயாமல், தோள் காதை நோக்கி எகிறாமல் ஏற்றுவது முக்கியம்.

இழுக்கிற மாதிரி இருந்தால் சரி. குத்துவதும், செய்து முடித்தபிறகும் வலி நீடிப்பதும் சரியில்லை, அன்று குறைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு கட்டின மாதிரி இறுகித் தெரியும். பயந்து கையை மடக்கி வைத்துவிடாதீர்கள். பிசியோவிடம் காட்டினால் நீவி, நீட்டிச் சரிசெய்வார்கள்.

கரண்ட் வைத்து முடிந்தபிறகும் தசை மெதுவாக இறுகிக்கொண்டே போகும். அதனால் இந்தப் பயிற்சிகளைப் பல மாதம் விடக் கூடாது. நான் இன்றும் செய்கிறேன்.

நான்காம் படி: நடை

தொடங்க வளவு போதும். தூண்களைச் சுற்றி ஐந்து நிமிடம், காலையும் மாலையும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கூட்டுங்கள். வீட்டுக்குள் நடப்பதில் ஒரு வசதி, மயக்கம் வருவது போலிருந்தால் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே திண்ணையில் உட்காரலாம். முற்றத்தில் மழைத் தண்ணீர் நின்றால் மட்டும் கவனம், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரத்தில் வழுக்கும்.

பத்து நிமிடம் சுலபமாக வந்தபிறகு தெருவுக்கு வாருங்கள். நம் ஊர்த் தெருக்கள் நடப்பவர்களுக்கென்றே போட்டது போல் நேராகவும் அகலமாகவும் இருக்கின்றன. வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று கட்டியிருப்பதால், சொந்த வீட்டை ஒரு சுற்று வந்தாலே எனக்கு ஐந்து நிமிடம். அதுதான் என் முதல் வெளி நடை. காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பினால் ஏழுக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல், அதுவும் சித்திரை வைகாசியில், இந்த வறண்ட வெயிலில் நடக்காதீர்கள். மாத்திரையால் உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறவர்களுக்கு வெயில் இன்னும் தாங்காது. கையில் தண்ணீர் பாட்டில், தலைக்குத் துண்டு. காரைக்குடியில் இருப்பவர்களுக்கு அழகப்பா பல்கலைக்கழக வளாகத்துப் பக்கம் மர நிழல் உண்டு.

எவ்வளவு வேகம்? நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு பத்தக் கூடாது. அதுதான் மிதமான வேகம். போக வேண்டிய இடம் வாரத்துக்கு 150 நிமிடம். அது மலைப்பாக இருந்தால், உலகத்து நிபுணர்கள் கூடி 2019-இல் வெளியிட்ட பரிந்துரையைப் பாருங்கள்: வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம், இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால் அசதியும் மனக்கலக்கமும் குறைவது தெரியும். முப்பது நிமிடத்தை மூன்று பத்தாக உடைத்தும் நடக்கலாம்.

காலுக்கு ஷூ போடுங்கள். பாக்லிடாக்சல் போன்ற மருந்து ஏறியவர்களுக்குப் பாதம் மரத்துப்போயிருக்கும், கருவேல முள் ஏறினாலும் தெரியாது. கோயிலுக்குப் போகும்போதும் இதை நினைவில் வையுங்கள். மத்தியான நேரத்தில் வெறுங்காலோடு கல்தரையில் நடந்தால் கொப்பளித்த பிறகுதான் தெரியும். விடியற்காலை தரிசனத்துக்குப் போங்கள். குன்றக்குடி மலைக்கோயில் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

புடவையில் வேகமாக நடப்பது சிரமம். சுடிதார் பழக்கமில்லாதவர்கள் கொஞ்சம் உயர்த்திக் கட்டிக்கொள்ளலாம். ஒரு மார்பகம் எடுத்தவர்களுக்கு உடம்பு ஒரு பக்கமாகச் சாயும், அதனால் முதுகும் கழுத்தும் வலிக்கும். உள்ளே வைக்கிற பஞ்சுப் பொதியோ சிலிக்கான் பொதியோ உள்ள சரியான பிராவைப் போட்டு நடந்தால் தோள் நேராக நிற்கும். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கீமோ நடக்கும்போது

மருந்து ஏறிய மூன்று நான்கு நாள் உடம்பு எழும்பாது. அந்த நாட்களில் கட்டிலிலிருந்து எழுந்து பாத்ரூம், வளவில் ஒரு சுற்று, அதுவே போதும். அடுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெம்பு வரும்போது கூட்டலாம். ஒரு நோட்டில் தேதி, எத்தனை நிமிடம், உடம்பு எப்படி என்று மூன்றே விஷயம் எழுதுங்கள். இரண்டாவது சுற்றிலேயே உங்கள் உடம்பின் தாளம் பிடிபட்டுவிடும். எது நல்ல நாள், எது கெட்ட நாள் என்று முன்கூட்டியே தெரிந்தால் மனசு உடைவதில்லை. வெள்ளை அணு குறையும் நாட்களில் கூட்டமான இடங்களை விடுங்கள், வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

ஐந்தாம் படி: தசைக்குப் பளு

நம் பெண்கள் அதிகம் தயங்குகிற படி இதுதான். டாக்டரின் சம்மதத்தோடு, தோள் முழுதாக அசையத் தொடங்கிய பிறகு, வாரத்தில் இரண்டு நாள், நடுவில் ஓய்வு விட்டுச் செய்யுங்கள்.

கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், எட்டு தடவை. தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். சுவரில் இரண்டு உள்ளங்கையும் பதித்து, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்புங்கள். ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டி, முழங்கை உடம்பை ஒட்டி வர, பின்னால் இழுங்கள். இது கூனலை நிமிர்த்தும். கடைசியாக, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுங்கள். அது அரைக் கிலோ. போதும். இரண்டு மூன்று வாரம் அதிலேயே நின்று, கையில் கனமோ இறுக்கமோ இல்லையென்றால் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டுக்குப் போகலாம். ஒரு வாரம் இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். பாதி எடைக்கு இறங்கி மறுபடி ஏறுங்கள். ஏற்கெனவே வீக்கம் உள்ளவர்கள் அளவெடுத்துத் தைத்த ஸ்லீவைப் போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்காதீர்கள்.

வீட்டு வேலையே பயிற்சிதானே என்று கேட்பார்கள். கூட்டுவதும் கோலம் போடுவதும் நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் வீட்டு வேலையில் அளவு நம் கையில் இல்லை. இன்று ஒன்றுமில்லை, நாளைக்கு அரிசி மூட்டை. பயிற்சியில் இன்று எவ்வளவு, அடுத்த வாரம் எவ்வளவு என்று நாம் தீர்மானிக்கிறோம்.

கையைக் கவனிக்கிற முறை

அண்டா சம்பவத்துக்குப் பிறகு, ஒரு தளர்ந்த கண்ணாடி வளையலை அலமாரியில் தனியாக வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வளையலை இடது கையில் ஏற்றி இறக்கிப் பார்ப்பேன். வழக்கம்போல் போய் வந்தால் நிம்மதி. அதோடு தையல் டேப்பால் மணிக்கட்டு, முழங்கைக்கு 10 சென்டிமீட்டர் கீழே, 10 சென்டிமீட்டர் மேலே என்று மூன்று இடத்தில் இரண்டு கையையும் அளந்து எழுதுவேன். ஆபரேஷனுக்கு முன்பே ஒரு முறை அளந்து வைத்தால் ரொம்ப நல்லது. இரண்டு கைக்கும் 2 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால், அல்லது ரவிக்கைக் கை பிடிக்கிறது, மோதிரம் இறுகுகிறது, கை கனக்கிறது என்றால் காத்திருக்காமல் காட்டுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் கட்டுப்படுத்துவது சுலபம்.

அந்தக் கையில் சின்னக் காயம்கூட வேண்டாம். ரோஜாச் செடி, மீன் முள், பலகாரம் சுடும் எண்ணெய் எல்லாவற்றிலும் ஜாக்கிரதை. கீறினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வையுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அது கிருமித் தொற்று. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நிறுத்த வேண்டிய நேரம்

நெஞ்சு வலி, காரணமில்லாத மூச்சிரைப்பு, தலைச்சுற்றல், படபடப்பு வந்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் போங்கள். தமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், தேய்த்துவிடாமல் அன்றே காட்டுங்கள். கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நடையும் வேண்டாம், பாரசிட்டமாலும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான். புதிதாக எலும்பில் வலி, அதுவும் இரவில் விடாத வலி என்றால், அதைப் பயிற்சி வலி என்று தள்ளாதீர்கள்.

கூட நடக்க ஒருவர்

முதல் மாதம் முக்காட்டைப் போட்டுக்கொண்டு இருட்டிலேயே நடந்துவிட்டு வந்துவிடுவேன். தலையில் முடி இல்லை. பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்திலிருந்துதான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அத்தனை வருடமாகியும் நம் வீடுகளில் இன்னமும் "அந்த நோய்" என்று குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் பின் தெருவிலிருந்து ஒரு பெண் வந்து, "ஆச்சி, நீங்க நடக்கிறீகள்ல, நானும் கூட வரலாமா? எனக்கும் அதேதான்" என்றாள். ஒரே ஊரில் இருந்தும் இரண்டு வருடமாக எனக்குத் தெரியாது. இப்போது நாங்கள் நாலு பேர். ஒருத்தி வராவிட்டால் மற்றவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்போம். தனியாக இருந்தபோது வாரத்தில் மூன்று நாள் விட்டுப்போகும், இப்போது மாதத்தில் மூன்று நாள்கூட விட்டுப்போவதில்லை. நோய் வந்தவர்கள்தான் வேண்டும் என்றில்லை. மகளோ, கொழுந்தியாளோ, வேலைக்கு வருகிறவரோ ஒருவர் போதும்.

எங்கள் நாலு பேரில் இளையவள் இந்த வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கலாமா என்று கேட்கிறாள். குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடியோடு போகிற நடை, அவள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் போகிறார்கள். அவள் சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. டாக்டர் எக்கோவும் எலும்பு ஸ்கேனும் பார்த்துவிட்டு, இந்த வருடம் முழுத் தூரம் வேண்டாம் என்றார். அதனால் ஆடியிலிருந்தே பழகுகிறோம். இப்போது ஞாயிறுதோறும் பிள்ளையார்பட்டியிலிருந்து குன்றக்குடி வரை. ஸ்லீவ் கையில், பை நல்ல தோளில், மருந்துச் சீட்டும் தண்ணீரும் அதற்குள்ளே. தைப்பூசத்துக்கு அவள் முதல் நாள் மட்டும் நடந்துவிட்டு, மாலையில் வண்டியில் திரும்புவது என்று முடிவு செய்திருக்கிறோம்.